230 வோல்ட் 30 அம்பியரில் ரோட்டரி கன்வெர்ட்டர்: கொழும்பில் செய்யும்போது எதை மாற்ற வேண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கொட்டாஞ்சேனையில் வாடகை இடம். சிங்கிள் பேஸ், 30 அம்பியர் கனெக்ஷன். 3 எச்பீ மோட்டரோடு ஒரு பழைய லேத், 1 எச்பீ பில்லர் ட்ரில், 1 எச்பீ பாண்ட் சோ, மூன்றுமே த்ரீ பேஸ். லேத் மோட்டரின் தட்டில் 400 வோல்ட் என்று மட்டும் இருக்கிறது, வெளியே மூன்று வயர்தான் வருகிறது. அமெரிக்கர் ஒருவர் பழைய மோட்டர் ஒன்றையும் சில கப்பாசிட்டர்களையும் வைத்து ரோட்டரி கன்வெர்ட்டர் செய்யும் வீடியோ பார்த்தேன், அதை இங்கே அப்படியே செய்யலாமா?

செய்யலாம். அப்படியே செய்ய முடியாது. அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸே 240 வோல்ட், அங்கே சிறிய பட்டறை மெஷின்களும் பெரும்பாலும் 230 வோல்ட் த்ரீ பேஸில் ஓடக்கூடியவை. அதனால் அவர்கள் வோல்ட்டேஜைப் பற்றி யோசிப்பதே இல்லை. நமக்கு வருவது 230, மெஷின் கேட்பது 400. ரோட்டரி கன்வெர்ட்டர் இல்லாத மூன்றாவது பேஸைத் தரும், வோல்ட்டேஜைக் கூட்டித் தராது. 400 வோல்ட் ஸ்டார் மோட்டருக்கு (மூன்று சுருளின் ஒவ்வொரு முனை ஒரே முடிச்சில் சேர்ந்தது) 230 கொடுத்தால் அதன் முறுக்குவிசை மூன்றில் ஒன்றாக விழும். சக் (பொருளைப் பிடிக்கும் தலை) சுற்றும், வெட்டு எடுத்தவுடன் நிற்கும், நின்ற இடத்தில் சூடாகும்.

செலவு செய்ய முதல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தெருவில் த்ரீ பேஸ் லைன் போகிறதா என்பது. இதை உங்கள் பகுதிக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தில் கேளுங்கள், நுகேகொடை, கோட்டே பக்கம் அது லெக்கோ. 30 அம்பியர் த்ரீ பேஸ் கனெக்ஷன் கிடைக்கும் இடமென்றால், சொந்த இடமென்றால், மேலே வாசிக்கத் தேவையில்லை, விண்ணப்பத்தைக் கொடுங்கள். வாடகை இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார் என்பதுதான் வழக்கமான சிக்கல்.

இரண்டாவது, விஎஃப்டி, அதாவது சிங்கிள் பேஸை வாங்கி மோட்டருக்கு த்ரீ பேஸ் தரும் எலெக்ட்ரோனிக் பெட்டி. தட்டில் 230 டெல்ட்டா / 400 ஸ்டார் என்று இருந்து, டெர்மினல் பெட்டிக்குள் ஆறு முனையும் இருந்தால், மூன்று பித்தளைத் தகட்டையும் மாற்றி டெல்ட்டா (முக்கோண இணைப்பு) ஆக்கி, 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓடும் 2.2 கிலோவாட் விஎஃப்டி போட்டால் வேலை முடிந்தது, வேகக் கட்டுப்பாடும் சேர்ந்து வரும். ட்ரில்லுக்கும் பாண்ட் சோவுக்கும் ஆறு முனை இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் லேத்துக்கு மூன்று வயர்தான் வெளியே வருவதால், ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ரீவைண்டிங் தெரிந்தவர் அதைத் தோண்டி எடுத்து ஆறு முனையாக்கலாம், ஆனால் பழைய வார்னிஷ் உடைந்து சுருளும் போகக்கூடும். இரண்டு வேக மோட்டராக இருந்தால் அந்த வழியே இல்லை. ஒரே கன்வெர்ட்டரில் எல்லா மெஷினையும், அதனதன் சுவிட்சோடு, எதையும் பிரிக்காமல் ஓட்ட வேண்டும் என்பவருக்குத்தான் ரோட்டரி.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் மெஷின் என்றால் கணக்கு வேறு. அவை பெரும்பாலும் 200 வோல்ட் த்ரீ பேஸ். அதற்கு 400 தேவையில்லை, 230ஐக்கூட 200 ஆக இறக்க வேண்டும். 50 ஹேர்ட்ஸில் 230 கொடுத்தால் இரும்பு நிறைவடைந்து, சும்மா ஓடும்போதே மோட்டர் சுடும்.

இனி ரோட்டரி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஓடிக்கொண்டிருக்கும் த்ரீ பேஸ் மோட்டரில் ஒரு பேஸ் அறுந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடும்போது ரோட்டரின் காந்தப்புலம் அறுந்த சுருளையும் கடந்து போகிறது, அதில் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் சரியான பேஸ் கோணத்தில் பிறக்கிறது. அந்த முனையை வெளியே எடுத்தால் அதுதான் மூன்றாம் லைன். 1915 இல் அமெரிக்காவின் நோர்போக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே மலைப்பாதையில் நிலக்கரி இழுத்த எஞ்சின்களும் இதே தந்திரத்தில்தான் ஓடின: மேலே சிங்கிள் பேஸ் கம்பி, எஞ்சினுக்குள் சுழலும் கன்வெர்ட்டர், சக்கரத்துக்கு த்ரீ பேஸ் மோட்டர். இந்தச் சுழலும் மோட்டருக்கு ஐட்லர் என்று பெயர். அதன் தண்டில் மெஷின் எதையும் பூட்டுவதில்லை.

ஐட்லரின் அளவை, நீங்கள் ஸ்டார்ட் செய்யப்போகும் மிகப் பெரிய மோட்டர்தான் தீர்மானிக்கிறது. இலகுவாக ஸ்டார்ட் ஆகும் மெஷினுக்கு ஒன்றரை மடங்கு, பாரமான சக்கோடு ஸ்டார்ட் ஆகும் லேத்துக்கும் கம்பிரசருக்கும் இரண்டு மடங்கு. உங்கள் 3 எச்பீ லேத்துக்கு 5.5 எச்பீ, அதாவது 4 கிலோவாட், பொருத்தம். கிளட்ச் உள்ள லேத் என்றால் 4 எச்பீயும் போதும். 10 எச்பீ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், அதை ஸ்டார்ட் செய்யவே உங்கள் 30 அம்பியர் போதாது. நான்கு போல், அதாவது 1440 சுற்று மோட்டர் எடுங்கள், 2900 சுற்று மோட்டரின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தட்டைக் கவனமாக வாசியுங்கள். 3 கிலோவாட் வரை உள்ளவை பெரும்பாலும் 230 டெல்ட்டா / 400 ஸ்டார், 4 கிலோவாட்டிலிருந்து பெரும்பாலும் 400 டெல்ட்டா / 690 ஸ்டார். எப்படி இருந்தாலும் தட்டு 400க்கு என்ன சொல்கிறதோ அந்த இணைப்புதான்.

பஞ்சிகாவத்தைப் பக்கமோ ஆமர் வீதியிலோ பழைய மோட்டர் வாங்கினால், கடையிலேயே மூன்று சுருளின் எதிர்ப்பையும் அளந்து பாருங்கள், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) சுருளுக்கும் மோட்டரின் பொடிக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். கடற்காற்றில் கிடந்த மோட்டர் சில சமயம் ஈரத்தால் மட்டும் குறைவாகக் காட்டும், மூடியைக் கழற்றி உள்ளே குண்டு பல்ப் ஒன்றை ஒரு நாள் எரியவிட்டு மறுபடி அளந்தால் உண்மை தெரியும். பெயாரிங் இரண்டையும் எப்படியும் மாற்றுங்கள். தண்டில் சாவிக்கட்டை இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள். கப்பி இல்லாத தண்டில் அதைப் பிடித்து வைத்திருக்க ஒன்றுமில்லை, 1440 சுற்றில் கழன்றால் தோட்டா போலப் பறக்கும். ரப்பர் பாதத்தில் பூட்டி, தண்டுக்கு ஒரு மூடி போடுங்கள்.

230ஐ 400 ஆக்கும் ட்ரான்ஸ்போமர்தான் இங்கே அதிகம் காசு கேட்கும் பொருள். 30 அம்பியரை 230ஆல் பெருக்கினால் 6.9 கேவிஏ, அதற்கு மேல் உங்கள் லைனால் தர முடியாது, ஆகவே 7.5 கேவிஏக்கு மேல் வாங்குவது வீண். லேத் முழுச் சுமையில் ஏறக்குறைய 2.75 கிலோவாட் இழுக்கும், ஐட்லரின் இழப்பு 300 முதல் 400 வாட், ட்ரான்ஸ்போமரின் இழப்பு 100 வாட் அளவு. மொத்தத்தில் 230 பக்கத்தில் 17, 18 அம்பியர். 5 கேவிஏயும் ஓட்டும், ஆனால் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் வோல்ட்டேஜ் விழுந்து மூன்றாம் லைன் படுத்துவிடும்.

ஒரே சுருள் உள்ள ஓட்டோ ட்ரான்ஸ்போமரா, தனித்தனி இரண்டு சுருள் உள்ளதா? ஓட்டோ பாதி விலை, பாதி எடை. ஆனால் அதில் ஒரு லைன் நியூட்ரலாகவே இருக்கும், மற்ற இரண்டும் நிலத்துக்கு எதிரே 400 வோல்ட்டில் நிற்கும். மோட்டரின் இன்சுலேஷன் தாங்கும், மெஷினுக்குள் நிலத்தோடு இணைத்த ஃபில்டரோ சர்ஜ் பாகமோ இருந்தால் அது தாங்காது. என் விருப்பம் இரண்டு சுருள் வகை, 400 பக்கத்தில் நடு முனை எடுத்தது. ட்ரான்ஸ்போமர் சுற்றுபவரிடம் 200-0-200 என்று சொன்னால் புரியும். நடு முனையை எர்த் செய்தால் முதல் இரண்டு லைனும் நிலத்துக்கு எதிரே 200 வோல்ட், மூன்றாம் லைன் 346 வோல்ட். மீட்டரில் 346ஐப் பார்த்து ஏதோ பிழை என்று நினைக்க வேண்டாம், 400 பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் உயரம் அதுதான்.

இரண்டு சுருள் வகையில் ஒரு விஷயத்தைத் தவறவிடக்கூடாது. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் ட்ரான்ஸ்போமருக்கு அப்பால் நடக்கும் கசிவைப் பார்க்காது. ஆகவே நடு முனையை எர்த் செய்த இடத்துக்குப் பிறகு, ஐட்லருக்கு முன், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று வேண்டும். இரண்டு போல் வகை பெரும்பாலும் 230க்குச் செய்தது, நான்கு போல் 400 வோல்ட் வகை எடுங்கள். டெஸ்ட் பட்டன் எந்த இரண்டு முனைகளுக்கிடையே இருக்கிறது, எவ்வளவு வோல்ட்டேஜ் தாங்கும் என்பது அதன் பக்கத்தில் உள்ள வரைபடத்தில் இருக்கும். அந்த முனைகளில் லைன் வராவிட்டால் பட்டன் பொம்மைதான். ஐட்லர், ட்ரான்ஸ்போமர், ஒவ்வொரு மெஷினின் பொடி எல்லாவற்றையும் ஒரே எர்த் வயரில் பிணையுங்கள்.

வயர் அளவு: மெயினிலிருந்து ட்ரான்ஸ்போமருக்கு 7/1.04, அதாவது 6 சதுர மி.மீ. அங்கிருந்து ஐட்லருக்கு 7/0.85. மெஷின்களுக்கு 7/0.67. ட்ரான்ஸ்போமருக்கு முன்னுள்ள பிரேக்கர் சி வகையாவது இருக்க வேண்டும், பி வகை போட்டால் ஸ்விட்சைப் போட்டவுடன் வரும் முதல் இழுப்பிலேயே விழும்.

ஸ்டார்ட் செய்ய இரண்டு வழி. வீடியோவில் பார்த்தது கப்பாசிட்டர் வழி: ஒன்றாம் மூன்றாம் லைனுக்கிடையே பெரிய கப்பாசிட்டரை ஒன்றிரண்டு செக்கன் போட்டு எடுப்பது. 4 கிலோவாட் மோட்டர் அப்படி ஸ்டார்ட் ஆகும்போது 400 பக்கத்தில் 50 அம்பியர் அளவு இழுக்கும், அது 230 பக்கத்தில் 87 அம்பியர். பிரேக்கர் அந்த ஒரு செக்கனைத் தாங்கும். ஆனால் தெருவின் கடைசி வீடாக இருந்து, பின்னேரத்தில் வோல்ட்டேஜ் ஏற்கெனவே 216க்குக் கிட்ட நின்றால், மோட்டர் பாதி வேகத்தில் மாட்டிக்கொண்டு முனகும்.

30 அம்பியர் கனெக்ஷனுக்கு நான் சொல்வது மற்ற வழி. 0.37 அல்லது 0.55 கிலோவாட் சிங்கிள் பேஸ் மோட்டர் ஒன்றை, அதுவும் 1440 சுற்று, வி பெல்ட்டால் ஒன்றுக்கு ஒன்று கப்பியில் ஐட்லரோடு பூட்டுங்கள். (அப்போது சாவிக்கட்டை கப்பிக்குள் இருக்கும், பிரச்சினை இல்லை.) முதலில் சின்ன மோட்டர் மட்டும் ஓடும், 4, 5 செக்கனில் ஐட்லர் வேகம் பிடிக்கும், டைமர் ரிலே சின்னதை நிறுத்தி ஐட்லரின் கொன்டாக்டரை (மின்காந்தத்தால் மூடும் சுவிட்ச்) போடும். சின்ன மோட்டர் பிறகு பெல்ட்டோடு சும்மா சுற்றும். ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டரும் வேண்டாம், லைட்டும் மங்காது.

கொன்டாக்டரின் கொயில் 230 வோல்ட் வகை எடுத்து, வீட்டு லைனிலிருந்தே கொடுங்கள், பச்சை பட்டனை விட்டாலும் தானே பிடித்து நிற்கும் இணைப்போடு. இது கட்டாயம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, கொன்டாக்டர் இல்லாமல் வெறும் சுவிட்சில் இருந்தால், நின்றுபோன ஐட்லருக்கு சிங்கிள் பேஸ் போகும். அது சுற்றாது, முனகும், ஒரு நிமிடத்துக்குள் புகை வரும். மோட்டர் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயில் மூன்று போல் இருக்கும், ஐட்லருக்குப் போவதோ இரண்டு வயர். ஒரு லைனை இரண்டு போலுக்குள் தொடராகக் கொண்டுபோனால்தான் மூன்றும் சமமாகச் சூடாகும், இல்லாவிட்டால் பேஸ் ஒன்று போய்விட்டதென்று ரிலே காரணமில்லாமல் விழும்.

இப்போது பலரும் பிழை விடும் இடம், ஓடும் கப்பாசிட்டர்கள். சுமை ஏறும்போது மூன்றாம் லைன் சரியும். அதை நிமிர்த்த ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையேயும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையேயும் கப்பாசிட்டர் போடுகிறோம். அமெரிக்கக் கணக்கு 240 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்கு எச்பீக்கு 12 முதல் 16 மைக்ரோஃபரட். நம்முடைய 50 ஹேர்ட்ஸுக்கு அதை 1.2ஆல் பெருக்க வேண்டும். ஆனால் வோல்ட்டேஜ் 400 ஆனதால் (400/240) இன் வர்க்கத்தால், ஏறக்குறைய 2.8ஆல், வகுக்க வேண்டும். வருவது எச்பீக்கு 5 முதல் 7. வீடியோவின் எண்ணை அப்படியே போட்டவர்களுக்கு மூன்றாம் லைன் 480, 500 என்று ஏறுவதும், ஐட்லர் சும்மா நிற்கும்போதே கொதிப்பதும் இதனால்தான்.

உங்கள் 5.5 எச்பீக்கு ஒன்று-மூன்றுக்கிடையே 30 மைக்ரோஃபரட், இரண்டு-மூன்றுக்கிடையே 20இல் ஆரம்பியுங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 450 வோல்ட் வகை, 400 லைனுக்கு அது மட்டுமட்டு. ஒரே அளவான இரண்டைத் தொடராகப் போடுங்கள்: 60 மைக்ரோஃபரட் இரண்டு சேர்ந்தால் 30, தாங்கும் வோல்ட்டேஜ் 900. ஒவ்வொன்றின் இரு முனைக்கும் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று, இல்லாவிட்டால் நிறுத்தி வெகுநேரத்துக்குப் பிறகும் கை வைத்தவரைத் தூக்கியெறியும். மோட்டரின் ஓடும் கப்பாசிட்டர்தான் வேண்டும். ஸ்டார்ட் செய்யும் கறுப்பு டப்பா கப்பாசிட்டரை ஓடவிட்டால் சில நிமிடத்தில் வெடிக்கும்.

பொருத்திய பின் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கப்பாசிட்டர் வயரிலும் போட்டுப் பாருங்கள். 400 வோல்ட்டில் 30 மைக்ரோஃபரட் 3.8 அம்பியர் இழுக்கும். அந்த 30இன் வயரில் 3க்குக் கீழே காட்டினால் அது செத்துக்கொண்டிருக்கிறது.

சமன் செய்வது லேத் ஓடும்போதுதான், ஐட்லர் தனியாக நிற்கும்போது அல்ல. வழக்கமான ஒரு வெட்டை எடுத்துக்கொண்டு மூன்று லைன் சோடிகளுக்கும் இடையே வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். உதாரணமாக 400, 412, 385 என்று வந்தால் சராசரி 399, மிகப் பெரிய விலகல் 14, சமனின்மை 3.5 சதவீதம். அந்தச் சதவீதத்தை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்கினால் மோட்டரின் சூட்டு உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்பது வரும், இங்கே 25. லேத் நாள் முழுக்க முழுச் சுமையில் ஓடுவதில்லை, அதனால் 3 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் போதும் என்று விட்டுவிடலாம். 5 மைக்ரோஃபரட் படியாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சுமை இல்லாதபோது மூன்றாம் லைன் 5 சதவீதம் கூடி நிற்பது பிழையல்ல, நல்லது, சுமை ஏறும்போது சரிந்து சரியான இடத்துக்கு வரும்.

மூன்றாம் லைனுக்கு எங்கு போனாலும் மஞ்சள் டேப் சுற்றிவிடுங்கள். மெஷினின் கொன்டாக்டர் கொயில், கன்ட்ரோல் ட்ரான்ஸ்போமர், லைட் எதுவும் அந்த லைனில் இருக்கக்கூடாது. சுமை ஏறும் கணத்தில் வோல்ட்டேஜ் தளர்ந்தால் கொன்டாக்டர் படபடவென்று அடித்து முனைகள் உருகி ஒட்டிவிடும். லேத்தின் கன்ட்ரோல் எந்த இரண்டு லைனில் இருக்கிறது என்று அதன் பெட்டியைத் திறந்து பார்த்து, அந்த இரண்டுக்கும் ஒன்றையும் இரண்டையும் கொடுங்கள். நியூட்ரல் கேட்கும் மெஷினுக்கு இந்தக் கன்வெர்ட்டரில் நியூட்ரல் இல்லை, ஐட்லரின் ஸ்டார் முனையை நியூட்ரலாக எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த 230 வீட்டு லைனிலிருந்து தனியாக வரட்டும். நிறத்திலும் கவனம்: பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், புதிய முறையில் கறுப்பு ஒரு பேஸ். பழைய மெஷினுக்குப் புதிய கேபிள் போடும் இடத்தில் இது ஆளைக் கொல்லும்.

பேஸ் வரிசையை ஐட்லர் எந்தப் பக்கம் சுற்றத் தொடங்குகிறதோ அதுவே தீர்மானிக்கிறது. சின்ன மோட்டரைக் கழற்றி மறுபடி பூட்டும்போது அது மறுபக்கம் சுற்றினால் பட்டறையிலுள்ள எல்லா மெஷினும் மறுபக்கம் ஓடும். பாண்ட் சோவில் அது வெறும் தொல்லை. திருகிப் பூட்டும் சக் உள்ள லேத்தில் சக் கழன்று காலில் விழும். அதனால் முதல் ஓட்டம் எப்போதும் ட்ரில்லில், சக்கில் பிட் இல்லாமல்.

ஓட்டும் ஒழுங்கு: ஐட்லர் முதலில், பிறகு லேத், அதன் பிறகு சின்னவை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மோட்டரும் தானும் ஓர் ஐட்லராக உதவும். லேத் ஓடும்போது ட்ரில்லைப் போட்டால் அது இன்னும் இலகுவாக ஸ்டார்ட் ஆவதைக் காண்பீர்கள். ஓடும் லேத்தை நிறுத்தாமல் ரிவர்ஸில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த இழுப்பு சாதாரண ஸ்டார்ட்டை விடக் கூட, மூன்றாம் லைன் விழுந்து லேத் பழைய திசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தும்போது மெஷின்கள் முதலில், ஐட்லர் கடைசி. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது ஐட்லரையும் நிறுத்துங்கள். ட்ரான்ஸ்போமரோடு சேர்ந்து சும்மா சுற்றினாலே 8 மணித்தியாலத்துக்கு 4 யூனிட் அளவு போகும்.

மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி, அந்த இரண்டு கப்பாசிட்டர் அம்பியரையும் பெட்டியின் உள்மூடியில் எழுதி வையுங்கள். இன்னொன்று: லேத் ஓடும்போது ஐட்லர் சட்டென்று நின்றாலும் லேத் சிங்கிள் பேஸில் ஓடிக்கொண்டே இருக்கும், வெட்டில் சத்தம் மாறுவதைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. ஐட்லர் கொன்டாக்டரின் துணை முனை ஒன்றை லேத்தின் ஸ்டொப் பட்டனோடு தொடராக வயர் பண்ணிவிட்டால் அது விழும்போது இதுவும் விழும்.